குகைக்குள் ஒரு கணிப்பொறி

நாடகம் பார்த்துவிட்டு வீடு திரும்புகிறவர்களுக்குக் கதையைவிட மேடையின் பின்புறத்தில் நடந்தவற்றைப் பேசுவதில்தான் ஆர்வம் அதிகம். அரசன் தலையில் இருந்த மகுடம் தகரமா, அட்டையா? இடி முழக்கத்தை எப்படி எழுப்பினார்கள்? இவ்வகைச் செய்திகள் சுவையானவை; இதில் ஐயமில்லை. கணிப்பொறி விளையாட்டுகளைப் பற்றியும் இன்று இத்தகைய துணுக்குகள் மலிந்துவிட்டன. "உங்களுக்குத் தெரியுமா?" என்று தொடங்கி, ஒரு வியப்புக் குறியில் முடியும் துணுக்குகள் அவை.

ஆனால் வாசகர்களே, அறிவியல் மாணவர் ஒருவர் துணுக்கைப் படித்தவுடன் வியந்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடக் கூடாது. அவர் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். முதலாவது: இது உண்மைதானா, சான்று உண்டா? இரண்டாவது: இதை அறிந்த பின் அந்தப் படைப்பு நமக்கு வேறு விதமாகத் தெரிகிறதா? இரண்டு கேள்விகளிலும் தேறும் செய்தியே அறிவு, மற்றவை வம்பு. இந்த உரைகல்லைக் கையில் வைத்துக்கொண்டு, புகழ் பெற்ற ஒரு விளையாட்டின் பின்புறத்தைச் சற்றுச் சுற்றிப் பார்ப்போம். அதன் பெயர் 'அட்வெஞ்சர்'. 'கொலாசல் கேவ்' என்றும் அதை அழைப்பர். கணிப்பொறியில் சாகச விளையாட்டு என்னும் வகைக்கே அதுதான் மூலம்.

படம் இல்லாத விளையாட்டு

இவ்விளையாட்டில் படம் கிடையாது, ஒலியும் கிடையாது. நீங்கள் நிற்கும் இடத்தைப் பற்றிச் சில வரிகள் எழுத்தில் தோன்றும். ஒரு சிறிய செங்கல் கட்டடம், அதைச் சுற்றிக் காடு, கட்டடத்திலிருந்து வெளியே ஓடும் ஒரு நீரோடை. நீங்கள் ஒரு சொல்லையோ இரண்டு சொற்களையோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். 'வடக்கு' என்றால் வடக்கே போகலாம். 'விளக்கை எடு' என்றால் விளக்கு உங்கள் கைக்கு வரும். ஓடையின் போக்கிலே நடந்தால் நிலத்தில் ஒரு பள்ளமும், அதில் பூட்டிய இரும்புக் கிராதியும் தென்படும். சாவி கொண்டு அதைத் திறந்தால் குகை. உள்ளே புதையல்களும் உண்டு, கோடாரி வீசும் குள்ளர்களும் உண்டு.

அமெரிக்காவில் பிபிஎன் நிறுவனத்தில் பணியாற்றிய வில் கிரௌதர் என்பவர் 1975-76 காலத்தில் இதை முதலில் எழுதினார். இன்றைய இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வலைக்கு நிரல் எழுதிய சிலருள் அவரும் ஒருவர். பின்பு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர் டான் உட்ஸ், தம் பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்றில் இந்நிரலைக் கண்டெடுத்தார். அதை விரிவாக்க அனுமதி கேட்க வேண்டும். ஆனால் கிரௌதர் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. எனவே வலையில் அன்று இணைந்திருந்த கணிப்பொறி ஒவ்வொன்றுக்கும் 'கிரௌதர்' என்ற பெயருக்கு மின்னஞ்சல் அனுப்பினார்! பதில் வந்தது. 1977-இல் உட்ஸின் விரிவான வடிவம் வெளியாயிற்று.

இந்த மின்னஞ்சல் கதை உண்மையானது, கேட்க இனிமையானதும்கூட. எனினும் நம் இரண்டாவது கேள்வியில் இது தேறாது. அன்றைய வலை எவ்வளவு சிறியது என்பதை அது காட்டுகிறதே தவிர, விளையாட்டைப் பற்றி எதையும் சொல்லவில்லை. அடுத்த செய்தி அப்படியன்று.

குகை கற்பனையன்று

கென்டக்கி மாநிலத்தில் மாமத் குகை என்றொரு மாபெரும் சுண்ணாம்புக்கல் குகைத் தொகுதி உள்ளது. மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிப் பாறை இடுக்குகளில் இறங்குகிறது. பல நூறாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்துச் சுரங்க வழிகளை உண்டாக்குகிறது. அத்தொகுதியில் பெட்குவில்ட் என்னும் பகுதியே இவ்விளையாட்டின் களம். பூட்டிய கிராதியும் உண்மை. உள்ளே தவழ்ந்து செல்லும் வழியும் உண்மை. விளையாட்டில் ஓரிடத்தில் பாறை மீது 'ஒய்-2' என்று எழுதியிருக்கும். மந்திரக் குறி என்று எண்ணிப் பலர் மண்டையை உடைத்துக்கொண்டனர். அது குகையை அளந்தவர்கள் இட்ட அளவைப் புள்ளியின் பெயர், அவ்வளவுதான்.

குகையை எப்படி அளப்பார்கள்? ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிவரை நாடாவை இழுத்துத் தூரம் காண்பர். திசைகாட்டியால் திசைக்கோணமும், மற்றொரு கருவியால் சரிவுக்கோணமும் காண்பர். இம்மூன்றும் கிடைத்தால் முக்கோணவியல் கொண்டு அடுத்த புள்ளியின் இடத்தைக் கணித்துவிடலாம். இப்படிப் புள்ளி புள்ளியாகக் குகை முழுவதும் தாளில் ஏறிவிடும். கிரௌதரும் அவர் மனைவி பாட்ரீஷியாவும் குகை ஆய்வாளர்கள். இத்தகைய அளவீடுகளைக் கணிப்பொறியில் ஏற்றி வரைபடம் தயாரிக்கும் பணியை இருவரும் சேர்ந்தே செய்தனர்.

பாட்ரீஷியாவின் பங்கு இதனினும் பெரிது. ஃபிளின்ட் ரிட்ஜ் குகைத் தொகுதியும் மாமத் குகையும் நிலத்தடியில் இணைகின்றனவா என்பது நெடுநாள் புதிராக இருந்தது. 1972-இல், வேறு எவரும் நுழைய அஞ்சிய மிகக் குறுகிய இடுக்கு ஒன்றில் அவர் புகுந்து சென்று வழி இருப்பதைக் கண்டார். அதே ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் இரு குகைகளும் ஒன்றே என நிறுவிய குழுவிலும் அவர் இருந்தார். இணைந்த குகையின் நீளம் அன்று 144.4 மைல், அதாவது ஏறத்தாழ 232 கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டது. விளையாட்டைப் பற்றிய துணுக்குகளில் பெரும்பாலும் இவர் 'கிரௌதரின் மனைவி' என்ற இரண்டு சொற்களோடு முடிந்துபோகிறார். இது நியாயமன்று. ஆட்டத்தின் நிலவரைபடம் எந்த உழைப்பின் மீது நிற்கிறதோ, அந்த உழைப்பில் அவருக்கும் பங்கு உண்டு.

இச்செய்தி நம் உரைகல்லில் பொன்னாக மின்னுகிறது. விளையாட்டில் வடக்கே போய்த் தெற்கே திரும்பினால் பழைய இடத்துக்கே வருவோம் என்ற உறுதி இல்லை. அறியாதவர் இதைக் குறும்பு என்பர். மெய்யான குகை வழி வளைந்து வளைந்து செல்வது. ஒரு வாயில் வடக்கே இருந்தால், அதன் மறுமுனை தெற்கே பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. விளையாட்டை மனப்பாடமாக அறிந்திருந்த ஒரு பெண், பெட்குவில்ட் குகைக்குள் சென்றபோது, வெளியேறும் வழி முழுவதையும் ஒரு தவறும் இன்றிக் காட்டினார் என்று அவரை அழைத்துச் சென்ற குகை அளவையாளர் பதிவு செய்திருக்கிறார். ஓர் எழுத்துப் படைப்புக்கு இதைவிடச் சிறந்த நற்சான்று வேண்டுமா?

முப்பத்தாறு பிட்டுகள் செய்த வேலை

அடுத்தது ஒரு சிறிய செய்தி. இவ்விளையாட்டு எந்தச் சொல்லிலும் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே படிக்கும். ஏன் ஐந்து? ஆறு ஏன் கூடாது?

அன்று கிரௌதர் பயன்படுத்திய பிடிபி-10 கணிப்பொறியின் நினைவகத்தை வரிசையாக அடுக்கிய பெட்டிகள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொரு பெட்டியிலும் 36 பிட்டுகள், அதாவது 36 இரும இலக்கங்கள் அடங்கும். ஓர் எழுத்தைக் குறிக்க 7 பிட்டுகள் வேண்டும். 36-ஐ 7-ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 1. ஆகவே ஒரு பெட்டியில் ஐந்து எழுத்துகள் அடங்கும். ஒரு பிட்டு வீணாகும். நிரல் எழுதப்பட்ட ஃபோர்ட்ரான் மொழியோ எண்களைக் கையாள்வதற்கென்றே பிறந்தது. சொற்களைக் கையாள்வதில் அதற்குத் திறமை குறைவு. ஐந்து எழுத்துச் சொல் ஒரே பெட்டியில் அடங்கிவிட்டால் அதை ஓர் எண்ணாகவே கருதி, மற்றோர் எண்ணோடு ஒப்பிட்டுவிடலாம். வேலை எளிது.

விளைவு என்ன? வடக்கைக் குறிக்கும் 'நார்த்' என்ற ஆங்கிலச் சொல்லில் எழுத்துகள் சரியாக ஐந்து. வடகிழக்கைக் குறிக்கும் 'நார்த்ஈஸ்ட்' என்பதன் முதல் ஐந்தும் அவையே! கணிப்பொறிக்கு இரண்டும் ஒன்றாகிவிடும். எனவே வடகிழக்குக்கு 'என்-ஈ' என்று சுருக்கி எழுதும்படி விளையாட்டே அறிவுரை கூறுகிறது. கோப்பின் பெயரிலும் இதே கதைதான். அங்கே ஓர் எழுத்துக்கு 6 பிட்டுகள்; ஆகவே ஒரு பெட்டிக்கு ஆறு எழுத்துகள். ஒன்பது எழுத்துள்ள 'அட்வெஞ்சர்' ஆறு எழுத்து 'அட்வென்ட்' ஆகச் சுருங்கிற்று. அப்பெயராலேயே பலர் அதை இன்றும் குறிப்பிடுகின்றனர்.

இந்தச் சிக்கனத்தை அளவுகளாலும் பார்க்கலாம். கிரௌதரின் நிரல் ஏறத்தாழ 700 வரிகள். அதனுடன் தரவு மேலும் 700 வரிகள். விளையாட்டு அறிந்த சொற்கள் 193. உட்ஸ் அதை ஏறத்தாழ 3,000 வரி நிரலாகவும் 1,800 வரித் தரவாகவும் வளர்த்தார். இடங்கள் 140, சொற்கள் 293, பொருள்கள் 53, அவற்றுள் புதையல்கள் 15. நிரலும் தரவும் தனித்தனியே இருப்பதைக் கவனியுங்கள். "இந்த எண்ணுள்ள இடத்தில் நின்று இந்தச் சொல்லைச் சொன்னால், அந்த எண்ணுள்ள இடத்துக்குச் செல்" என்ற அட்டவணைதான் குகை. புதிய அறை வேண்டுமானால் அட்டவணையில் வரிகளைச் சேர்த்தால் போதும். முன்பின் அறியாத ஒரு மாணவர் பிறிதொருவர் எழுதிய நிரலை எடுத்து இரு மடங்கினும் பெரிதாக்க முடிந்ததற்கு இவ்வமைப்பும் ஒரு காரணம்.

மந்திரச் சொல்லும் திசையனும்

விளையாட்டில் ஒரு மந்திரச் சொல் வருகிறது: எக்ஸ், ஒய், இசட், இசட், ஒய் என்ற ஐந்து எழுத்துகள். அதைச் சொன்னால் குகையின் உட்பகுதியிலிருந்து செங்கல் கட்டடத்துக்கு நொடியில் வந்துவிடலாம். கணிதம் படிப்போர் உடனே ஒன்றைக் காண்பர். இரு திசையன்களின் குறுக்குப் பெருக்கத்தில், விடையின் எக்ஸ் கூறு காண, முதல் திசையனின் ஒய் கூற்றை இரண்டாவதன் இசட் கூற்றால் பெருக்கி, அதிலிருந்து முதலாவதன் இசட் கூற்றையும் இரண்டாவதன் ஒய் கூற்றையும் பெருக்கிக் கழிக்கிறோம். எழுத்துகளை வரிசையாக வைத்தால் எக்ஸ்-ஒய்-இசட்-இசட்-ஒய்! இதுவே மந்திரச் சொல்லின் மூலம் என்று பலர் எழுதிவிட்டனர்.

எவ்வளவு அழகான விளக்கம்! ஆனால் உண்மையன்று. இந்த நினைவுச் சூத்திரம் தமக்குத் தெரியாது என்று கிரௌதரே கூறிவிட்டார். பார்க்க விநோதமாகவும் ஒருவாறு உச்சரிக்கத் தக்கதாகவும் ஒரு சொல் வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம். பொருந்துகிறது என்பதனால் ஒரு விளக்கம் உண்மையாகிவிடாது. அறிவியலில் நாம் நாள்தோறும் கற்கும் இப்பாடம் விளையாட்டு வரலாற்றுக்கும் பொருந்தும்.

இதனினும் பெரிய தவறு ஒன்று நெடுங்காலம் உலவிற்று. "கிரௌதர் எழுதியது வெறும் குகைச் சித்திரம், மாயமும் கற்பனையும் உட்ஸ் சேர்த்தவை" என்பதே அது. மூல நிரல் அழிந்துவிட்டது என்று நம்பப்பட்ட காலத்தில் இதை மறுக்க எவராலும் முடியவில்லை. பின்னர் உட்ஸின் பழைய மாணவர் கணக்கின் சேமிப்புப் படியில் அம்மூல நிரல் கிடைத்தது. டென்னிஸ் ஜெர்ஸ் என்னும் ஆய்வாளர் அதை ஆராய்ந்து 2007-இல் கட்டுரை வெளியிட்டார். கோடாரி வீசும் குள்ளர்கள் கிரௌதரின் நிரலிலேயே இருந்தனர்; மாயப் பாலமும் இருந்தது; மந்திரச் சொல்லும் இருந்தது. முப்பது ஆண்டு வழக்கு ஒரு கோப்பின் முன் வீழ்ந்தது. பழைய நிரல்களைப் பாதுகாப்பது ஏன் அவசியம் என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான விடை இல்லை.

குழந்தைகளுக்காக எழுதியது

கிரௌதரும் பாட்ரீஷியாவும் மணவிலக்குப் பெற்ற நாட்களில், தம் பெண் குழந்தைகளோடு நெருக்கம் குறையாதிருக்கக் கிரௌதர் இவ்விளையாட்டை எழுதினார் என்பது அவரே சொன்ன செய்தி. துணுக்கு எழுதுவோர் இதை உருக்கமாகக் கூறி அங்கேயே நிறுத்திவிடுகின்றனர். உருக்கத்தைத் தாண்டி ஒரு படி சென்றால்தான் பயன் கிடைக்கும். கணிப்பொறி அறியாதவர் அதைக் கண்டு மிரளக் கூடாது என்பதற்காகவே இயல்பான பேச்சுச் சொற்களால் ஆணையிடும் முறையை வைத்தேன் என்றும் அவர் விளக்கியிருக்கிறார். வல்லுநர்களின் குறியீடுகளை விட்டு, 'எடு', 'போ', 'திற' என்ற எளிய சொற்களால் இயந்திரத்தோடு பேசும் வழி, ஆடப் போகிறவர் யார் என்று எண்ணிப் பார்த்ததனால் பிறந்தது. தந்தையின் துயரம் நம்மை நெகிழ்விக்கலாம். ஆனால் அவரது படைப்பை விளக்குவது இந்த முடிவுதான்.

நிறையும் குறையும்

இனி, விளையாட்டைப் பற்றி நம் மதிப்பீடு என்ன? அதன் சிறந்த புதிர்கள் அறிவியல் முறையையே கற்பிக்கின்றன. கையில் கருங்கோல் இருக்கும்போது அணுகினால் பறவை அஞ்சி விலகுகிறது. கோலைக் கீழே வைத்துவிட்டால் கூண்டில் அகப்படுகிறது. ஒரு காரணியை நீக்கிப் பார்த்து விளைவை நோக்குவதே அல்லவா சோதனை? ஒரே மாதிரியான வருணனையுள்ள சிக்கல் வழிகளில், ஒவ்வோர் அறையிலும் ஒரு பொருளைப் போட்டு அடையாளம் செய்துகொள்வதும் அத்தகையதே. டிராகனைக் கொன்று பார்க்கச் சொன்னால், "வெறுங்கையாலா?" என்று விளையாட்டு ஏளனமாகக் கேட்கும். 'ஆம்' என்று விடை எழுதினால் டிராகன் மாண்டுவிடும்! ஏளனம் என்று நாம் ஒதுக்கியது மெய்யான கேள்வி. அனுமானத்தைச் சோதிக்காமல் விடாதே என்பதை இதைவிட நகைச்சுவையாகச் சொல்ல முடியாது.

உட்ஸ் சேர்த்தவற்றுள் விளக்கின் கணக்கு சிறப்பானது. 330 நகர்வுகளோடு விளக்கு அணையும். தொடக்கத்தில் விதிமுறைகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டவருக்கு 1,000 நகர்வுகள்; ஆனால் 5 மதிப்பெண் குறையும். பிற்பாடு காசைப் பொறியில் போட்டுப் புது மின்கலம் வாங்கலாம்; அந்தக் காசே ஒரு புதையல் என்பதால் மதிப்பெண் இழப்பு உண்டு. அளவான வளத்தை எப்படிச் செலவிடுவது என்ற கேள்வியை இவ்வளவு எளிதாக வைத்திருப்பது பாராட்டத்தக்கது. அலுவலக நேரத்தில் ஆடிக் கணிப்பொறியை முடக்காதிருக்க, வார நாட்களில் காலை 8 முதல் மாலை 6 வரை குகையை மூடி வைக்கும் ஏற்பாட்டையும் அவர் நிரலில் சேர்த்தார். பலர் ஒரே இயந்திரத்தைப் பங்கிட்டுக்கொண்ட காலத்தின் முத்திரை அது.

குறைகளும் உண்டு. உட்ஸின் குகையில் ஓர் எரிமலை கனல் கக்குகிறது. நீண்ட, நிறமிகு வருணனை. ஆனால் கென்டக்கியின் சுண்ணாம்புக்கல் குகையில் எரிமலைக்கு இடமில்லை. அளந்து எழுதிய அறைகளின் அமைதியான நம்பகத்துக்கு அருகே இது ஒட்டவைத்த திரைச்சீலையாகத் தோன்றுகிறது. அதைவிடக் கடுமையான குறை அந்தக் கடைசி ஒரு மதிப்பெண். மொத்தம் 350. எல்லாம் முடித்தவரும் 349-இல் நின்று தவிப்பர். குறிப்பிட்ட ஒரு மூலையில் ஒரு பத்திரிகைப் பிரதியைக் கொண்டுபோய்ப் போட்டால்தான் அந்த ஒன்று கிடைக்கும். அதற்கு விளையாட்டில் குறிப்பு ஏதும் இல்லை. பலர் நிரலையே பிரித்துப் பார்த்துத்தான் அறிந்தனர். சிந்தித்து அடைய முடியாத விடையைப் புதிர் என்பது பொருந்தாது. அது ஆசிரியர் வைத்துக்கொண்ட இரகசியம், அவ்வளவே. பின்னால் வந்த பல சாகச விளையாட்டுகள் இந்தத் தீய பழக்கத்தையும் சேர்த்தே கற்றுக்கொண்டன.

எனினும் பரம்பரை பெரிது. 1977-இல் எம்ஐடி மாணவர்கள் இதை ஆடி முடித்த சூட்டில் 'ஜோர்க்' எழுதத் தொடங்கினர். இதனால் கவரப்பட்ட ராபர்ட்டா வில்லியம்ஸும் அவர் கணவர் கென்னும் 1980-இல் படங்களுடன் 'மிஸ்டரி ஹவுஸ்' வெளியிட்டனர். அவர்களே 2023-இல் மூல விளையாட்டைப் புதிய உருவில் மீண்டும் தந்தனர். கணிப்பொறி அறிஞர் டொனால்ட் குனூத் 1998-இல் உட்ஸின் நிரலை, மனிதர் படிப்பதற்குரிய நூல் போலவே விளக்கங்களுடன் திருத்தி எழுதினார். ஒரு விளையாட்டு நிரலைப் பாடநூலாக மதித்துப் படித்தார் என்பதே அதன் பொருள்.

வாசகர்களே, இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். இவ்விளையாட்டின் வலிமை மாயத்தில் இல்லை. மாயம் எல்லாக் கதைகளிலும் உண்டு. தவழ்ந்து சென்று, நாடா இழுத்து, கோணம் குறித்து, ஓர் இடத்தை உள்ளபடி அறிந்த பின் அதைச் சொற்களில் வைத்ததில்தான் அதன் வலிமை இருக்கிறது. நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம், கணிப்பொறிகூட வேண்டாம். உங்கள் பள்ளியின் இடங்களுக்கு எண் கொடுத்து, எந்த இடத்திலிருந்து எத்திசையில் சென்றால் எந்த எண்ணுக்குப் போகலாம் என்று ஓர் அட்டவணை எழுதுங்கள். பள்ளியைக் கண்டிராத நண்பர் ஒருவரிடம் அதைக் கொடுங்கள். அவர் நேரில் வரும்போது வழி தவறாமல் நடந்தால், கிரௌதருக்குக் கிடைத்த நற்சான்று உங்களுக்கும் கிடைத்துவிட்டது என்று கொள்ளலாம்.